படம் ஓடவில்லை என்றால்: லினக்ஸ் கணினிக்கு இயல்புநிலை வீடியோ பிளேயரை அறிகுறி பார்த்து அமைக்கும் வழிமுறை

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துப் பள்ளிகளிலும் படிப்பகங்களிலும் இருக்கும் பழைய கணினிகளில் லினக்ஸ் மின்ட் நிறுவி, பழுது வந்தால் நேரில் போய்ப் பார்த்துத் தரும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். எனக்கு வரும் அழைப்புகளில் மிகுதியானவை "படம் ஓடலைங்க" என்ற ஒற்றை வரியில்தான் தொடங்குகின்றன. அந்த வரிக்குப் பின்னால் வேண்டாத பிளேயர் திறப்பது இருக்கலாம். திரை கறுத்துக் குரல் மட்டும் கேட்பது இருக்கலாம். தமிழ் வசன வரிகள் கட்டம் கட்டமாக வருவதும் இருக்கலாம். காரணம் ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதால் தீர்வும் வேறு. ஆனால் பெரும்பாலோர் எல்லாவற்றுக்கும் இருக்கிற பிளேயரை நீக்கிவிட்டு வேறொன்றை நிறுவுகிறார்கள். ஒரு முறை அது பலிக்கிறது. ஏன் பலித்தது என்று தெரியாததால் அடுத்த முறை கை கொடுப்பதில்லை.

ஆகவே அறிகுறிகளுக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கணினியில் இரண்டு பிளேயர்கள் இருக்க வேண்டும். அவை இரண்டும் வெவ்வேறு எந்திரத்தின் மேல், அதாவது கோப்பைப் படித்துப் படத்தை ஓட்டும் உள்மென்பொருளின் மேல், கட்டப்பட்டவையாக இருக்க வேண்டும். கினோம் மேசைத்தளத்தில் (லினக்ஸின் திரைமுகப்புகளில் ஒன்று) நீண்ட காலம் இருந்த டோட்டம், 2025இல் வெளிவந்த கினோம் 49இல் அதன் இடத்துக்கு வந்த ஷோடைம், எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்தின் பரோல் ஆகியவை ஜிஸ்ட்ரீமர் என்னும் கட்டமைப்பை நம்பி இயங்குகின்றன. செல்லுலாய்டும் கேடிஇ மேசைத்தளக்காரர்கள் விரும்பும் ஹருணாவும் எம்பிவி என்ற பிளேயருக்கு அணிவித்த முகப்புகள். எம்பிவி தன் பங்குக்கு எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைக் கொண்டு படத்தை விரிக்கிறது. 1996இல் பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்த விஎல்சி தனக்கென்று ஓர் எந்திரம் வைத்திருக்கிறது. ஒலி, ஒளிக் குறிமுறைகளைப் பிரிப்பதற்கு அதுவும் எஃப்எஃப்எம்பெக்கின் துணையை நாடினாலும், கோப்பைத் திறந்து படிக்கும் பகுதி பெரும்பாலும் அதன் சொந்தப் பகுதியாகும். இந்தக் குடும்ப உறவு தெரியாமல் செல்லுலாய்டில் ஓடாத படத்தை ஹருணாவில் போட்டுப் பார்ப்பது, ஒரே உலையில் வெந்த சோற்றை இரண்டு தட்டில் வைத்துச் சுவை பார்ப்பது போன்றது.

செல்லுலாய்டில் ஓடாத படம் விஎல்சியில் ஓடினால் கோப்பில் குறை இல்லை, முதல் பிளேயரின் அமைப்பில்தான் குறை. இரண்டிலும் ஒரே இடத்தில் திக்கினால் கோப்பையோ வரைகலைச் சில்லின் இயக்கியையோ பென் டிரைவையோ சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். பாதி நாள் வேலையை அது மிச்சப்படுத்தும். மின்ட் 2019இன் கடைசியில் வந்த 19.3 பதிப்பிலிருந்து செல்லுலாய்டையே இயல்புநிலையாகத் தருகிறது. நான் அதை அப்படியே விட்டுவிட்டு, சாட்சிக்கு விஎல்சியை நிறுவிவைக்கிறேன். நான்கு ஜிபி நினைவகம் கொண்ட கணினியில் எம்பிவி குடும்பம் இலகுவாக ஓடுவதும், முழுத்திரையில் பட்டன்கள் குறைவாக இருப்பதால் வகுப்பறையில் ஆசிரியருக்குக் குழப்பம் வராததும் என் காரணங்கள்.

அறிகுறி: மாற்றிவைத்த பிளேயர் திறக்காமல் வேறொன்று திறக்கிறது

"நேத்துதான் மாத்திக் குடுத்தீங்க, இன்னைக்கு மறுபடியும் பழையதே திறக்குதுங்க சார்" என்று ஓர் ஆசிரியை சொன்னபோது, என் வேலை பிசகிவிட்டது என்றே முதலில் நினைத்தேன். போய்ப் பார்த்தால், முந்தைய நாள் நான் மாற்றியது எம்பி4 கோப்புக்கு. அவர் அன்று திறந்ததோ எம்கேவி கோப்பு. லினக்ஸ் மேசைத்தளங்கள் "வீடியோ" என்ற பொதுப் பெயருக்குப் பிளேயரை ஒதுக்குவதில்லை. எம்பி4 ஒரு வகை, மட்ரோஸ்கா எனப்படும் எம்கேவி இன்னொரு வகை, வெப்எம், ஏவிஐ, 3ஜிபி, கேம்கார்டரிலிருந்து வரும் எம்டிஎஸ் எல்லாம் தனித்தனி வகைகள். வலச்சொடுக்கி ஒரு கோப்புக்கு மாற்றினால் அந்த ஒரு வகைக்கே மாற்றம் நிலைக்கும்.

எனவே கணினி அமைப்புகளில் உள்ள விருப்பச் செயலிகள் பகுதிக்கு முதலில் போய் வீடியோவுக்கு நேரே வேண்டிய பிளேயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சின்னமன், கினோம், கேடிஇ ஆகிய மேசைத்தளங்களில் இப்படி ஒரு பகுதி உண்டு, அது பல வகைகளை ஒருசேர மாற்றிவிடும். பிறகு நம்மிடம் உண்மையில் வரும் கோப்பு வகைகளில் ஒவ்வொன்றையும் எடுத்து இருமுறை சொடுக்கிச் சரிபார்க்க வேண்டும். அடங்காமல் நிற்கும் வகைக்கு மட்டும், கோப்பின் மேல் வலச்சொடுக்கி, பண்புகளுக்குள் போய், எந்தச் செயலியால் திறப்பது என்ற பகுதியில் இயல்புநிலையாக்க வேண்டும். எக்ஸ்எஃப்சிஇயின் கோப்பு மேலாளரான துனாரிலும், கினோமின் நாட்டிலஸிலும் வலச்சொடுக்குப் பட்டியலிலேயே இதற்கு வழி இருக்கிறது. நாட்டிலஸில் "இந்த வகைக்கு எப்போதும் இதையே பயன்படுத்து" என்ற சாவியை நகர்த்த மறந்தால் அந்த ஒரு தடவைக்கு மட்டுமே அது திறக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பழையது திரும்பி வந்தால், வீட்டு அடைவில் மறைந்திருக்கும் கான்ஃபிக் அடைவுக்குள் மைம்ஆப்ஸ் பட்டியல் என்ற சிறிய உரைக்கோப்பைத் திறந்து பார்க்கலாம். எந்த வகைக்கு எந்தச் செயலி என்று அதில் வரிக்கு வரி எழுதியிருக்கும். நீக்கப்பட்ட ஒரு பிளேயரின் பெயர் அங்கே தங்கியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மேசைத்தளத்தின் பெயரை முன்னொட்டாகக் கொண்ட இன்னொரு பட்டியல் அதே அடைவில் இருந்தால் அதற்கே முன்னுரிமை என்பதையும் மறக்கக் கூடாது. பட்டியல் ஒவ்வொரு பயனருக்கும் தனி என்பதால், ஆசிரியர் கணக்கில் செய்த மாற்றம் மாணவர் கணக்குக்குப் போகாது.

அறிகுறி: குரல் கேட்கிறது, படம் இல்லை, அல்லது படம் ஓடுகிறது, குரல் இல்லை

இதற்குக் காரணம் பெரும்பாலும் குறிவிரிப்பான், அதாவது சுருக்கிப் பதிந்த படத்தையும் ஒலியையும் விரித்துத் தரும் மென்பொருள், இல்லாமை. எம்பி4, எம்கேவி என்பவை பெட்டிகளின் பெயர்கள் மட்டுமே. பெட்டிக்குள் இருக்கும் படத்தின் குறிமுறை 2003இல் வந்த எச்.264 ஆக இருக்கலாம், 2013இல் வந்த எச்.265 ஆக இருக்கலாம், 2018இல் வந்த ஏவி1 ஆகவும் இருக்கலாம். ஒரே பின்னொட்டுள்ள இரண்டு கோப்புகளில் ஒன்று ஓடி மற்றொன்று ஓடாமல் நிற்பது இதனால்தான். உள்ளே இருப்பது எது என்பதை விஎல்சியில் கன்ட்ரோல் விசையுடன் ஜே எழுத்தை அழுத்தினால் வரும் சாளரம் சொல்லிவிடும்.

ஜிஸ்ட்ரீமர் குடும்பப் பிளேயர்களில்தான் இந்த அறிகுறி மிகுதி. மின்ட் 2016இல் வந்த 18ஆம் பதிப்பிலிருந்து பல்லூடகக் குறிவிரிப்பான்களைத் தானாகச் சேர்ப்பதில்லை. நிறுவும்போது அதற்கான கட்டத்தில் குறியிட வேண்டும், இல்லையேல் பிறகு ஒலி ஒளிப் பட்டியலில் உள்ள பல்லூடகக் குறிவிரிப்பான் நிறுவியைச் சொடுக்க வேண்டும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையிலும் நிறுவும்போது இப்படி ஒரு கட்டம் வரும், இணையம் இல்லாத இடத்தில் அவசரமாக நிறுவுவோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் நிலை இன்னும் கண்டிப்பானது. காப்புரிமைக் காரணத்தால் அது எஃப்எஃப்எம்பெக்கையே சில குறிவிரிப்பான்களை அகற்றிய வடிவில் தருகிறது. ஆகவே அங்கே எம்பிவியும் படத்தைக் காட்டத் தவறலாம். ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்த்து முழு எஃப்எஃப்எம்பெக்குக்கு மாறுவது அங்கே வழி. ஓப்பன்சூசே என்ற லினக்ஸ் வகையில் அந்த இடத்தில் பேக்மேன் களஞ்சியம் இருக்கிறது.

குரல் மட்டும் கேட்காமல், படம் நன்றாக ஓடினால், பிளேயரைத் தொடுமுன் ஒலி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். புரொஜெக்டரை எச்டிஎம்ஐ கம்பியில் செருகியதும் கணினி ஒலியையும் அதற்கே அனுப்பத் தொடங்குவது உண்டு. ஒலிபெருக்கி இல்லாத புரொஜெக்டரில் அது யார் காதுக்கும் எட்டாது. ஒலி அமைப்பில் வெளியீட்டை மாற்றினால் முடிந்தது.

அறிகுறி: படம் திக்குகிறது, மின்விசிறி இரைகிறது

ஒகேனக்கல்லில் ஆடிப் பெருக்கின்போது ட்ரோனில் எடுத்த 4கே காட்சியைப் பள்ளிக் கணினியில் போட்டுக் காட்டச் சொல்லி ஒருவர் கொண்டுவந்தார். பரிசலில் போவோரின் துடுப்பு மேலே எழுந்து நின்றுவிட, அருவியின் இரைச்சல் மட்டும் தடையில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது. குரல் ஓடிப் படம் பின்தங்குவதுதான் இதன் தெளிவான அடையாளம்.

இங்கே முதலில் சந்தேகிக்க வேண்டியது பென் டிரைவ். ட்ரோன் காட்சி நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகியிருந்தால் நொடிக்கு 12.5 மெகாபைட் இடையறாமல் படிக்கப்பட வேண்டும். தேய்ந்துபோன மலிவான பென் டிரைவுக்கு அது முடியாத காரியமாகலாம். கோப்பைக் கணினியின் வட்டுக்கு நகலெடுத்து மீண்டும் ஓட்டினால் சந்தேகம் தீரும்.

வட்டிலிருந்தும் திக்கினால், படத்தை விரிக்கும் வேலையைச் செய்வது கணினியின் முதன்மைச் சில்லான சிபியுவா, வரைகலைச் சில்லா என்று பார்க்க வேண்டும். எம்பிவியில் படம் ஓடும்போது ஷிஃப்ட் விசையுடன் ஆங்கில ஐ எழுத்தை அழுத்தினால் திரையின் இடப்பக்க மூலையில் புள்ளிவிவரம் விரியும். கைவிடப்பட்ட சட்டகங்களின் (காட்டப்படாமல் விடப்பட்ட தனித்தனிப் படங்களின்) எண் அதில் ஏறிக்கொண்டே போனால் சிபியு திணறுகிறது என்று பொருள். கன்ட்ரோலுடன் எச் எழுத்தை அழுத்தினால் வன்பொருள் உதவி மாறும். எண் ஏறுவது நின்றுவிட்டால் மருந்து கிடைத்துவிட்டது. எம்பிவி இந்த உதவியைத் தானாக எடுத்துக்கொள்வதில்லை என்பதால், அதன் அமைப்புக் கோப்பிலோ செல்லுலாய்டின் கூடுதல் எம்பிவி விருப்பங்கள் என்ற இடத்திலோ வன்பொருள் விரிப்பைப் பாதுகாப்பான தானியங்கி நிலைக்கு நிரந்தரமாக வைக்க வேண்டும்.

ஆனால் சில்லுக்குத் தெரியாத குறிமுறையை எந்த அமைப்பும் கற்றுத்தந்துவிடாது. இன்டெல் சில்லுகளில் எச்.265இன் 8 பிட் வடிவத்தை முழுமையாக வன்பொருளில் விரிப்பது ஆறாம் தலைமுறையிலிருந்து. 10 பிட் வடிவத்தை ஏழாம் தலைமுறையிலிருந்து. ஏவி1 பதினோராம் தலைமுறையிலிருந்து. நான் பராமரிக்கும் கணினிகளில் மிகுதியானவை நான்காம் தலைமுறையைச் சேர்ந்தவை. அவற்றில் எச்.264 தடையின்றி ஓடும், 4கே எச்.265 எந்தப் பிளேயரிலும் சீராக ஓடாது. இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 1080 வரிகளுள்ள எச்.264 நகல் ஒன்றை எடுத்துத் தருவேன். மூலக் கோப்பை அழிக்காமல் தனியே வைத்துக்கொள்ளும்படி ஒவ்வொரு முறையும் வற்புறுத்துகிறேன், ஏனெனில் மாற்றத்தில் இழந்த தரம் திரும்பி வராது. ஐபோனில் எடுப்பவர்களானால், கேமரா அமைப்பில் வடிவங்கள் என்ற இடத்தில் அதிகப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்தால் போன் எச்.264இலேயே பதிவு செய்யும். வேலை தொடக்கத்திலேயே முடிந்துவிடும்.

அறிகுறி: பென் டிரைவில் உள்ள கோப்பை மட்டும் பிளேயர் திறக்க மறுக்கிறது

வட்டில் உள்ள படம் ஓடுகிறது, பென் டிரைவில் உள்ளதைச் சொடுக்கினால் அனுமதி இல்லை அல்லது கோப்பு இல்லை என்கிறது என்றால், பிளேயர் ஸ்னாப் அல்லது ஃபிளாட்பாக் பொதியாக நிறுவப்பட்டிருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். இவ்வகைப் பொதிகள் வேலிக்குள் இயங்குபவை. ஸ்னாப் என்றால் உபுண்டுவின் அமைப்புகளில் செயலிகள் பகுதியில் விஎல்சியின் அனுமதிகளுக்குள் போய், கழற்றக்கூடிய சேமிப்பகங்களைப் படிக்கும் சாவியை இயக்கினால் போதும். ஃபிளாட்பாக்கானால் ஃபிளாட்சீல் என்ற கருவியில் அதே அனுமதியைத் தரலாம். பள்ளிகளுக்கு நான் களஞ்சியத்தின் வழக்கமான, இந்த வேலி இல்லாத டெப் பொதியையே நிறுவுகிறேன். ஏனெனில் அங்கே பாடம் பென் டிரைவில்தான் வருகிறது.

அறிகுறி: தமிழ் வசன வரிகள் சரியாகத் தெரியவில்லை

"சரியாகத் தெரியவில்லை" என்பதை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டால் தொலைபேசியிலேயே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

வெறும் கட்டங்கள் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை. நோட்டோ தமிழ் அல்லது லோகித் தமிழ் எழுத்துருப் பொதியை நிறுவிப் பிளேயரை மூடித் திறந்தால் எழுத்து வந்துவிடும்.

எழுத்து தமிழாகவே இருந்து, "கொ" என்பதில் ஒற்றைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய்த் தொங்கினால், எழுத்துகளை வடிவமைத்துக் கோக்கும் பகுதி வேலை செய்யவில்லை. எம்பிவி வசன வரிகளை லிப்ஆஸ் என்ற நூலகத்தின் வழியாக எழுதுகிறது. அது எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைப் பயன்படுத்துவதால் கொம்பும் காலும் உரிய இடத்தில் அமைகின்றன. வசன வரியோடு படம் காட்டுவது முதன்மைத் தேவையாக உள்ள இடங்களில் செல்லுலாய்டை இயல்புநிலையாக்க நான் தயங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது வகைதான் சுவையானது. திரையில் தமிழுமில்லை, கட்டமுமில்லை. தலையில் குறி ஏறிய ஐரோப்பிய எழுத்துகளும் பின்னக் குறிகளும் கலந்து வருகின்றன. இவ்வாறு வந்தால் வசனக் கோப்பு யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளுக்கு எண் ஒதுக்கும் பழைய முறை ஒன்றில், எழுதப்பட்டது. தமிழ் என்ற சொல்லே முக்கால் என்னும் பின்னக் குறியில் தொடங்கினால் அது திஸ்கி. அக்குறியாக்கத்தில் தகரத்துக்கு ஒதுக்கிய எண்ணில் ஐரோப்பியப் பட்டியலில் முக்கால் குறி இருப்பதே காரணம். தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களும் பழைய கோப்புகளில் காணப்படும். 2010இல்தான் அரசு யூனிகோடுக்கு மாறியது. லினக்ஸின் குனூ சி நூலகத்தோடு வரும் ஐகான்வ் என்ற கட்டளைக் கருவிக்குத் திஸ்கி தெரியும். அதைக் கொண்டு யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்துக்கு மாற்றிவைத்தால் எல்லாப் பிளேயரிலும் படிக்கலாம். டாம், டாப் கோப்புகளுக்குத் தனியான எழுத்துரு மாற்றிகள் வேண்டும். பிளேயரின் குறியாக்கப் பட்டியலை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருப்பது வீண். கோப்பை ஒரு முறை மாற்றிவிடுவதே நிரந்தரமானது.

அறிகுறி: எந்தப் பிளேயரிலும் கோப்பே திறக்கவில்லை

பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றில் பதினெட்டு நாள் பாரதம் நடந்தபோது, கூத்து வாத்தியாரின் மகன் ஒவ்வோர் இரவையும் மடிக்கணினியில் எம்பி4 கோப்பாகப் பதிவு செய்துகொண்டிருந்தார். கடைசி நாள் படுகளத்தின்போது மின்சாரம் நின்றது. பேட்டரி செத்துப்போன மடிக்கணினி அந்த நொடியே அணைந்தது. மறுநாள் அந்தக் கோப்பு செல்லுலாய்டிலும் திறக்கவில்லை, விஎல்சியிலும் திறக்கவில்லை. "அண்ணா, சைஸ் மட்டும் பெருசா காட்டுது, உள்ள ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டபோது அவர் குரல் கம்மியிருந்தது.

உள்ளே எல்லாமே இருந்தது. வழக்கமான எம்பி4 பதிவில், எந்தச் சட்டகம் கோப்பின் எந்த இடத்தில் கிடக்கிறது என்ற அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். அதற்கு முன் மின்சாரம் போனால் அட்டவணை இல்லாத கோப்பு மிஞ்சும். பிளேயருக்குப் படிக்கத் தொடங்கும் இடமே தெரியாது. இரண்டு எந்திரங்களும் ஒருசேர மறுத்ததே இதைச் சுட்டிக்காட்டிவிட்டது. விஎல்சியில் உள்ள பழுது நீக்கும் வசதி ஏவிஐ கோப்புகளுக்கானது, இதற்கு உதவாது. அன்ட்ரங்க் என்ற திறமூல மென்பொருள், அதே பதிவுக் கருவியில் அதே அமைப்பில் பதிவான நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொண்டு அட்டவணையைத் திரும்பக் கட்டித் தரும். முந்தைய இரவின் பதிவை மாதிரியாகக் கொடுத்தோம்; படுகளத்தின் பெரும்பகுதி மீண்டது. சேதமான கோப்பின் நகலில்தான் இதைச் செய்ய வேண்டும், மூலத்தில் கை வைக்கக் கூடாது.

அதன் பிறகு அவர் பதிவு செய்யப் பயன்படுத்தும் ஓபிஎஸ் மென்பொருளில் பதிவு வடிவத்தை எம்கேவியாக மாற்றிவைத்தேன். பாதியில் நின்ற எம்கேவி, நின்ற இடம் வரை ஓடும்; எம்பி4 தேவைப்பட்டால் அதே மென்பொருளின் கோப்புப் பட்டியலில் உள்ள மறுபொதிவு வசதி தரம் குறையாமல் மாற்றித் தரும். மாற்றியதும் அவர் கணினியில் எம்கேவி வகைக்கும் செல்லுலாய்டே இயல்புநிலையாக இருக்கிறதா என்று இருமுறை சொடுக்கிப் பார்த்தேன். பரோல் திறந்தது. பண்புகளுக்குள் போய் அதையும் மாற்றிய பின்பே கிளம்பினேன்.